ஆயில் மாற்றும்போது பக்கத்தில் ஓர் ஆள்

மலையடிவாரத்து வித்துரா கிளைக்கு வங்கி என்னை மாற்றியபோது வீட்டில் இரண்டு யோசனைகள் எழுந்தன. வேலையை விட்டுவிடலாம் என்பது ஒன்று. அதைச் சொன்னது என் கணவரின் அக்கா. ஒரு கார் வாங்கிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. அதைச் சொன்னது நான். அதுவரை நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. வங்கியில் வேலை. ஸ்ரீவராகத்திலிருந்து பஸ்ஸில் போவதென்றால் கிழக்கேகோட்டையில் ஒன்று ஏறி, நெடுமங்காட்டில் இறங்கி இன்னொன்று பிடிக்கவேண்டும். திரும்பி வரும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிடும். கணவர் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். தன் ஸ்கூட்டரைத் தவிர வேறு எந்த வண்டியையும் நம்பமாட்டார். "நீ ஓட்டறதானா வாங்கிக்கோ. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. என்னை மட்டும் அதுல ஏறச் சொல்லாதே" என்றார்.

ஓட்டப் பழகினேன். பழைய வண்டி ஒன்றை, சின்னது, வெள்ளை நிறம், வாங்கினேன். எங்கள் தெருவில் கார் வைத்திருந்த வீடுகள் இருந்தன. கார் ஓட்டுகிற பெண் கிடையாது. முதல் மாதம் நான் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு வாசலில் யாராவது பால் பாக்கெட்டோடு அப்படியே நின்று பார்ப்பார்கள். அக்கா மட்டும் பார்க்கமாட்டார். உள்ளே போய்விடுவார்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். டிரங்க் எக்ஸ்சேஞ்சில், போர்டில் ப்ளக்கைச் செருகி வெளியூர் டெலிபோன் அழைப்புகளை இணைத்துக்கொடுக்கும் ஆபரேட்டராக இருந்து, எல்லாம் தானியங்கியான காலத்தில் ஓய்வு பெற்றவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்ததாலோ என்னவோ, வீட்டிலும் தேவைக்கு மேல் பேசமாட்டார். சமையலறை அவருடைய ஆட்சி. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை வந்ததில்லை, சிநேகிதமும் வந்ததில்லை. "சாதம் வைக்கட்டுமா?" "வையுங்கோ." இந்த அளவில் பல வருஷங்கள் ஓடியிருந்தன.

வண்டிக்கு ஆயில் மாற்றுவதென்றால் கரமனைப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் விடுவேன். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் போய், சாயங்காலம் எடுத்துக்கொள்வேன். உள்ளே என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ செய்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி ஸ்டியரிங்கின்மேல் படிந்திருக்கும் கறுப்புக் கைரேகைகள்தான். அவற்றைத் துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போவேன்.

ஒருமுறை அப்படி ஆயில் மாற்றி எடுத்துவந்த மறுநாள் காலை, அக்கா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். வண்டியை எப்போதும் வாசலை ஒட்டித்தான் நிறுத்துவேன். கோலம் அதன் முன்பக்கம் வரை நீளும். அன்றைக்குக் கோலத்துக்கு நடுவே கறுப்பாகச் சொட்டுகள் விழுந்திருந்தன.

"உன் வண்டி நான் வெக்காத புள்ளியெல்லாம் வெச்சிருக்கு, பாரு" என்றார்.

போகும் வழியில் ஒர்க் ஷாப்பில் நிறுத்திக் கேட்டேன். முதலாளி பானெட்டைத் திறக்கவே இல்லை. "ஆயில் மாத்தினதல்லே சேச்சி, மேல சிந்தினது ஒழுகும். ரெண்டு நாளைக்கு அப்படித்தான். சாரமில்லை" என்றார். 'சாரமில்லை' என்ற மலையாளச் சொல்லில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. பரவாயில்லை, ஒன்றும் ஆகாது, விடு என்று அத்தனையும் அதற்குள் இருக்கிறது. நான் அந்த ஆறுதலை எடுத்துக்கொண்டு வித்துராவுக்குப் போனேன்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. நல்ல மழை. பக்கத்து சீட்டில் எங்கள் கிளையின் காஷியர். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், நெடுமங்காட்டுக்காரர். சாயங்காலம் என்னோடுதான் வீடு வரை வருவார். வித்துரா சந்தையைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு இடையில் ஒரு வளைவு திரும்பியதும், எனக்கு முன்னால் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்டியைப் போன்ற ஒரு படம்.

நான் நிறுத்திவிட்டேன். புரிந்து நிறுத்தினேன் என்று சொல்லமாட்டேன். சிவப்பு எரிந்தால் நிறுத்தவேண்டும் என்று மட்டும்தான் தெரியும்.

"எதுக்கு நிறுத்தறீங்க மேடம்? நெடுமங்காடு இதோ இருக்கு. மெல்லப் போயிடலாம். அங்கே நம்ம ஆளுங்க உண்டு" என்றார் காஷியர்.

"வேண்டாம் சார். எனக்குப் பயமா இருக்கு."

"ஒரு லைட்டுதானே?"

நான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். மழையில் சாலையின் மேல் எங்கள் வண்டி வந்த வழி தெரிந்தது. தண்ணீரின்மீது வானவில் நிறத்தில் ஒரு கோடு, வளைவுக்கு அப்பால் வரை. காஷியரும் இறங்கி அதைப் பார்த்தார். அதன் பிறகு அவர் நெடுமங்காட்டைப் பற்றிப் பேசவில்லை. குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு சமத்தா நிறுத்தினீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒரு டீக்கடையிலிருந்து ஒர்க் ஷாப்புக்குப் போன் செய்தோம். மழை விட்ட பிறகு அங்கிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் ஆயில் டின்னோடு வந்தார். என் வண்டிக்கு ஆயில் மாற்றிய அதே ஆள். வழியில் பெய்த மழையில் நனைந்திருந்தார். வண்டிக்குள் கையை விட்டு, உருண்டையான ஆயில் ஃபில்டரைக் கழற்றினார். பிறகு எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்த எதையோ விரலால் நெம்பி எடுத்துச் சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அது என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சேச்சி. அழுக்கு."

"அழுக்கை யாராவது பையில போட்டுப்பாளா? காட்டுங்கோ."

அவர் காஷியரைப் பார்த்தார். காஷியர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். கடைசியில் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். ஒரு ரப்பர் வளையம். சப்பையாகி, ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. கீழே வைத்திருந்த ஃபில்டரின் வாயிலும் அதேபோல இன்னொரு வளையம் இருந்தது.

"பழைய ஃபில்டரோட வளையம் சிலசமயம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடும். பார்த்து எடுக்கணும். எடுக்காம புதுசைப் போட்டா ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு நிக்கும். முதல்ல பிடிக்கும். அப்புறம் விட்டுடும்." தலை நிமிராமல் சொன்னார். "அன்னைக்கு நான் பார்க்கல்லை. அடுத்த வண்டிக்குக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. முதலாளிகிட்ட சொல்லவேண்டாம் சேச்சி."

எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் அந்த நனைந்த முதுகின்மேல் அதை வைக்க முடியவில்லை. வண்டி பிழைத்துவிட்டது. நெடுமங்காடு வரை ஓட்டியிருந்தால் எஞ்சின் கட்டிப்போயிருக்கும் என்று அவரே சொன்னார். மறுநாள் முதலாளியிடம் போனேன். மெக்கானிக்கின் பெயரை எடுக்காமல், கவனமாகச் செய்யவேண்டாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வண்டின்னா ஓரோ பிரச்சனை வரும் சேச்சி. நீங்க டென்ஷன் ஆகாதீங்க." அந்த வாசலை நான் அதன் பிறகு மிதிக்கவில்லை.

வளையத்தை எதற்கோ வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அக்கா அதை அடுக்களை ஜன்னலோரம் பார்த்துவிட்டுக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பழைய காஸ்கெட்டை எடுக்காம அதும்மேல புதுசா? குக்கர்ல அப்படிப் போட்டா மூடுமோ?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நாங்க ஒரு டிரங்க் கால் போட்டா மறுபக்கம் மணி அடிக்கறதான்னு காதால கேட்டுட்டுத்தான் ப்ளக்லேர்ந்து கையை எடுப்போம். அவன் கேக்காமலேயே கையை எடுத்துட்டான்" என்றார்.

"இனிமே நானே மாத்திக்கலாமான்னு பார்க்கறேன் அக்கா."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "புஸ்தகம் ஏதாவது உண்டோ அதுக்கு?" என்று கேட்டார்.

இருந்தது. வண்டியை வாங்கியபோது டாஷ்போர்டுக்குள் ஒரு கையேடு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவரும் என்னைப்போலத்தான் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்திருக்கிறார். அதைப் படித்தேன். சாலைக் கடைத்தெருவில் நாகர்கோவில்காரர் ஒருவருடைய இரும்புக்கடைக்குப் போய், ஸ்பேனரும் ஃபில்டரைப் பிடித்துத் திருகும் சங்கிலியும் கேட்டேன். "டிரைவர் அளவு சொல்லி விட்டிருக்காரா?" என்றார். நான்தான் டிரைவர் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என் கையைப் பார்த்துவிட்டு, எடுத்துவைத்திருந்த ஸ்பேனரை உள்ளே வைத்துவிட்டு, பிடி நீளமான ஒன்றை எடுத்துவந்தார். "இதுன்னா பலம் கம்மியாப் போதும்மா" என்றார்.

அடுத்த பிரச்சனை வண்டிக்கு அடியில் எப்படிப் போவது என்பது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் தெரு முனையில் அப்போது ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அக்காதான் போய் மேஸ்திரியிடம் பேசினார். அவர்கள் கான்கிரீட் போடும் பலகைகளைக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றைவிட ஒன்றைக் குட்டையாக அடுக்கி, முன்சக்கரம் ஏற இரண்டு சரிவுகள் செய்து கொடுத்தார்கள். பின்சக்கரங்களுக்குக் கருங்கல் வைத்தார்கள்.

"ஒண்ணு கேக்கலாமாக்கா? அந்தக் கழிவு ஆயிலை எங்களுக்குத் தருவியளா?" என்றார் மேஸ்திரி. "பலகையில பூசினா கான்கிரீட்டு ஒட்டாது." அதை எங்கே கொட்டுவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கவலையும் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய சல்வாரும், தலையில் கட்டிய துண்டுமாக நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். அக்கா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையேட்டை டிரங்க் ஆபரேட்டர் குரலில் ஆங்கிலத்தில் வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் பிறகு நிறுத்தி, "ஆச்சா?" என்பார். நான் ஆச்சு என்று சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

எதிர்வீட்டு மாமா காப்பி டம்ளரோடு வந்து நின்றார். "எந்தாக்கும் இது? ஆத்துல ஆம்பிளைகள் இல்லையோ?"

"இருக்கானே. உள்ளே பரீட்சைப் பேப்பர் திருத்திண்டிருக்கான். பேசணுமா, கூப்பிடவா?" என்றார் அக்கா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா போய்விட்டார்.

அடியில் எண்ணெயை வடிப்பதற்கான போல்ட் அசையவில்லை. ஒர்க் ஷாப்பில் அதைப் பிசாசு பிடித்த மாதிரி இறுக்கியிருந்தார்கள். ஒரு வேலையை அவசரமாகச் செய்கிறவன் ஒன்று தளர விடுகிறான், அல்லது தேவைக்கு மேல் இறுக்குகிறான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஸ்பேனரின் பிடியில் தண்ணீர்க்குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி இழுத்தேன். முடியவில்லை. அக்கா புத்தகத்தை முக்காலியில் வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து குழாயின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். டக் என்று ஒரு சத்தம். அக்கா பின்னால் சாய்ந்து விழுந்தார். நான் பதறிப்போய் வெளியே எட்டிப் பார்த்தால், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போல்ட்டைக் கையால் கடைசிச் சுற்று திருகியபோது எண்ணெய் என் முழங்கை வரை வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. போல்ட்டும் நழுவி அலுமினியச் சட்டிக்குள் விழுந்தது. அதைத் துழாவி எடுக்கும்போது, இத்தனை நாள் என்னை மலையடிவாரம் வரை கொண்டுபோய்க் கொண்டுவந்த ஒன்று உள்ளே இப்படித்தான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஃபில்டரைக் கழற்றியதும், கேட்காமலேயே அக்கா டார்ச்சை அடித்தார். ஒட்டின வளையம் எதுவும் இல்லை. "எனக்குக் காட்டு" என்றார். காட்டினேன். பிறகுதான் புதியதைத் திருகவிட்டார்.

மாலையில் வண்டியைக் கிளப்பி ஒரு சுற்று போய் வந்தோம். அக்கா முதன்முதலாக முன் சீட்டில் உட்கார்ந்தார். சங்குமுகம் கடற்கரை வரை போனோம். காற்று வாங்கவில்லை, இறங்கி, இரண்டு பேரும் குனிந்து வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஏர் ஃபில்டர், பிளக், பேட்டரித் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுவதில் ஒரு சௌகரியம் இருந்தது, முகம் பார்க்கவேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது தனக்கு வந்த வரன்களைப் பற்றியும், அவற்றை ஏன் வேண்டாம் என்றார் என்பதைப் பற்றியும் அக்கா எனக்குச் சொன்னது அப்படித்தான். என்னை வேலையை விடச் சொன்னது ஏன் என்றும் ஒருநாள் சொன்னார். "எனக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்து உக்கார வெச்சுட்டா. நீ மட்டும் தினம் கிளம்பிப் போறயேன்னு இருந்தது. அவ்வளவுதான்." நான் அடியிலிருந்து "ஸ்பேனர் குடுங்கோ" என்றேன்.

விஷயம் வங்கியிலும் பரவியது. காஷியர் தானும் ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தார். ஒருமுறை தன் வண்டிக்கும் பார்த்துத்தரச் சொல்லிக் கேட்டார். மழையில் எனக்குக் குடை பிடித்தவர், மறுக்க முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில் நானும் அக்காவும் நெடுமங்காட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி, மகள், பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் சுற்றி நின்று பேசினார்கள். நானும் பேசிக்கொண்டே வேலை செய்தேன். பழைய எண்ணெய் வடிந்தது. போல்ட்டைத் திரும்பப் போட்டுக் கையால் திருகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து காப்பிக்குக் கூப்பிட்டார்கள். நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"எங்கே போறே?" என்றார் அக்கா.

"காப்பி ஆறிடும் அக்கா."

"ஆறட்டும். இன்னும் ஸ்பேனர் போடல்லை நீ."

அதை மறந்தேன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. முடித்துவிட்டேன் என்றே என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி படுத்து ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். கால்வட்டத்துக்கு மேலேயே திரும்பியது.

திரும்பி வரும் வழியில் நான் அந்த மெக்கானிக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு வேலை தெரியாமல் இல்லை. என்னைவிட எவ்வளவோ தெரியும். என்னிடம் அவருக்குப் பகை இல்லை. அன்றைக்கு அவர் ஒரு வண்டிக்கு அடியில் தனியாக இருந்தார், யாரோ அடுத்த வண்டிக்குக் கூப்பிட்டார்கள். என்னைக் காப்பிக்கு. 'ஆறட்டும்' என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. என்னுடைய வண்டிக்கு நான் ஒருநாளும் அப்படி எழுந்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. பிறர் பொருள்மேல் கவனம் என்பது தானாக ஊறுகிற ஒன்று என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இதை அக்காவிடம் சொன்னேன். "எங்க பின்னாடி ஒரு சூப்பர்வைசர் நடந்துண்டே இருப்பா. அப்போ எரிச்சலா வரும்" என்றார். "இப்போ அவளை நெனச்சுப் பார்த்தா அவ ஒண்ணுமே பண்ணல்லை. வெறுதே நின்னா. அவ்வளவுதான்." அதன் பிறகு யார் கேட்டாலும் பிறர் வண்டியை நான் தொடவில்லை. பக்கத்தில் நிற்கிறேன், நீங்களே செய்யுங்கள் என்று சொல்லிவிடுவேன். காஷியர் அப்படியே பழகிக்கொண்டார்.

வித்துராவிலிருந்து நகரக் கிளைக்கு மாற்றல் கிடைத்து, சில வருஷங்கள் கழித்து அந்த வெள்ளை வண்டியையும் விற்றோம். புதிய வண்டிக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் எல்லாம் செய்யவேண்டும். வெளியே கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். பைபாஸ் ரோட்டில் இருந்தது அது. வாடிக்கையாளர்களுக்குக் கண்ணாடி அறை, சோபா, டிவி, குளிர்பதனம். அக்காவுக்கு அப்போது முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. ஆனாலும் கூட வந்தார். சோபாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் வண்டி மேலே தூக்கப்பட்டிருந்தது. அடியில் சீருடையோடு நின்றவர், நடுத்தர வயதுக்காரர், திரும்பிப் பார்த்து, "அம்மே, இவிடெ நிக்கான் பாடில்ல" என்றார். இங்கே நிற்கக்கூடாது.

"நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். ஒண்ணும் பேசமாட்டேன்" என்றார் அக்கா. "நீங்க உங்க ஜோலியைப் பாருங்கோ."

சீருடைக்காரர் மேற்பார்வையாளரைத் தேடி எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. தரையில் மஞ்சளாக ஒரு கோடு போட்டிருந்தது. அதைத் தாண்டவேண்டாம் என்று கையால் காட்டினார். அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். சொன்னபடியே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் முதலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார். கொஞ்ச நேரம் கழித்து, அக்கா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார். அக்கா உட்கார்ந்தார். அந்த மனிதர் ஃபில்டரைக் கழற்றும்போது ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார், எங்களுக்கும் தெரியட்டும் என்பதுபோல.